ராத்திரி சோற்றை விட்டும் எடை குறையவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 48. தக்கலை பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன். உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. ஆறு வருஷத்துக்கு முன்னால் 62 கிலோதான் இருந்தேன். ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும்தான் சாப்பிடுகிறேன். தினமும் காலையில் பக்கத்து வீட்டு அக்காவோடு அரை மணி நேரம் நடக்கவும் செய்கிறேன். எட்டு மாதமாக எடை அசையவில்லை. முட்டுவலி வேறு. சுகர், பிரஷர், தைராய்டு எல்லாம் நார்மல். மாதவிடாய் முன்பின்னாக வருகிறது. இந்த வயசில் உடம்பு எரிக்காது, இனி குறையாது என்கிறார்கள். மகள் எடை குறைக்கிற ஊசி போடச் சொல்கிறாள். நான் என்ன செய்வது? (ஒரு நாள் சாப்பாட்டை எழுதி இணைத்திருக்கிறேன்.)

பதில்: முதலில் அந்த "எரிக்காது" பேச்சை முடித்துவிடுவோம். 2021-இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு நாளில் எவ்வளவு சக்தி செலவழிக்கிறார்கள் என்று அளந்தார்கள். உடல் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயது முதல் 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. குறையத் தொடங்குவது 60-க்குப் பிறகு. ஆகவே 48 வயதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

மாறுவது வேறு இரண்டு விஷயங்கள். முப்பது வயதுக்கு மேல், வேலை கொடுக்காத தசை பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதால், முன்பு தொடையிலும் இடுப்பின் கீழும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு வந்து சேர்கிறது. உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 30-ஐத் தொடுகிறது, இந்தியர்களுக்கு 23-க்கு மேலேயே கவனம் வேண்டும், 25 ஆனால் உடல்பருமன். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எனக்கு உங்கள் 72-ஐ விட அந்த 94-தான் பெரிய கவலை.

இனி நீங்கள் எழுதிய சாப்பாடு. காலை எழுந்ததும் சாயா. எட்டு மணிக்குப் புட்டும் பழமும். பதினோரு மணிக்கு ஆபீஸில் சாயா, ஒரு ரசவடை. மதியம் டிபன் பாக்ஸில் சோறு, புளிக்கறி, பயறோ கீரையோ ஒரு துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்). சாயங்காலம் சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும். ராத்திரி தேங்காய் போட்டு மசித்த கிழங்கும் மீன்கறியும். பார்த்தால் அதிகம் சாப்பிடுகிற ஆள் மாதிரியே தெரியாது. அதிகம் சாப்பிடவும் இல்லை. சிக்கல் கூட்டணியில் இருக்கிறது: புட்டு மாவு, பழம் மாவு, சோறு மாவு, சிப்ஸ் மாவு, கிழங்கும் மாவு.

நம்மூரில் பலர் கிழங்கைச் சோற்றைவிட லேசான சாப்பாடு என்று நினைக்கிறார்கள். உண்மையில் 100 கிராம் சோற்றில் 130 கலோரி, 28 கிராம் மாவுச்சத்து. அதே அளவு கிழங்கில் மாவுச்சத்து அதைவிடக் கூடுதல். புரதமோ ஒன்றரை கிராம்கூடத் தேறாது, சோற்றில் இருப்பதைவிடக் குறைவு. 300 கிராம் கிழங்கில் ஒரு பிடி தேங்காய்த்துருவலும் சேர்ந்தால் 550 கலோரியைத் தாண்டும். நீங்கள் விட்ட ராத்திரிச் சோறு அவ்வளவு இருந்திருக்காது.

கிழங்கைத் திட்டவில்லை. சாளை (மத்தி) கறியோடு கிழங்கு தின்னாதே என்று நம் குமரி மாவட்டத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை ஆலோசனைக்கே வரமாட்டார்கள். பிரச்சினை அந்தத் தட்டில் கிழங்குக்கும் மீனுக்கும் உள்ள விகிதம். நம் வீடுகளில் மீன் பரிமாறுவதைக் கவனித்திருப்பீர்கள். நடுத்துண்டு வீட்டுக்காரருக்கு, அடுத்த துண்டு மகனுக்கு, முள் இல்லாததாகப் பார்த்து மகளுக்கு. சமைத்தவள் கடைசியில் சட்டியைச் சரித்துக் கறியை ஊற்றிக்கொண்டு, வால் துண்டோடு கிழங்கைத் தொட்டுத் தின்று முடிப்பாள். உங்கள் கடிதத்தில் "மீன்கறி" என்று இருக்கிறதே தவிர "மீன்" என்று எங்கும் இல்லை. உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். ஆனால் நீங்கள் எழுதிய அளவுகளைக் கூட்டினால் ஒரு நாளைக்கு 40 கிராம் புரதம் வந்தால் அதிகம். எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க உங்களுக்கு 60 முதல் 65 கிராம் வேண்டும்.

ஆகவே முதல் மாற்றம் சேர்ப்பதில் தொடங்குகிறது. ராத்திரி உங்கள் தட்டில் முழுதாக 100 கிராம் மீன் இருக்கட்டும்: நடுத்தரச் சாளை என்றால் மூன்று நான்கு, அயலை (கானாங்கெளுத்தி) என்றால் ஒன்று. அதில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். வறுக்க வேண்டாம், கறியாகவோ அவித்தோ போதும். கிழங்கைப் பாதியாக்குங்கள், தேங்காய் ஒரு ஸ்பூன். மிச்ச இடத்தில் முருங்கைக்கீரையோ பயறோ துவரனாக நிறையட்டும். காலையில் புட்டிலிருந்து பழத்தைப் பிரித்துவிட்டு கடலைக்கறியையோ சிறுபயறையோ சேருங்கள், ஒரு அவித்த முட்டையும். புட்டும் பழமும் சீனியும் பிசைந்து தின்கிற ருசி எனக்கும் தெரியும்; அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். பழம் வேண்டுமென்றால் சாயங்காலம் சிப்ஸுக்குப் பதிலாக ஒரு மட்டிப்பழம். சின்னப் பழம், ஒன்றோடு நிறுத்துவது எளிது.

இரண்டாவது சாயா. மூன்று வேளைக்கும் இரண்டு ஸ்பூன் வீதம் 30 கிராம் சீனி ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் வரம்பு ஏறத்தாழ 25 கிராம். நீங்கள் சாயாவிலேயே அதைத் தாண்டிவிடுகிறீர்கள். அரை ஸ்பூனுக்கு இறங்குங்கள். ஒரே நாளில் வேண்டாம், வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிவிடும். கருப்பட்டிக்கு மாறினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், கலோரிக் கணக்கில் அதுவும் சீனிதான்.

சிப்ஸ், சீனி, பாதிக் கிழங்கு போனதில் 550 கலோரி குறையும். மீனும் முட்டையும் கடலையும் 200-க்குக் கொஞ்சம் மேல் கூட்டும். மிச்சம் ஒரு நாளைக்கு 300, 350. மாதத்துக்கு ஒரு கிலோ, சில மாதம் கொஞ்சம் கூட. அவ்வளவுதானா என்று தோன்றும். இதைவிட வேகமாகக் குறைத்தால் தசையும் சேர்ந்து போகும், பிறகு திரும்பி வருவது கொழுப்பாக வரும்.

சம்பா அரிசியா வெள்ளை அரிசியா என்று எல்லாரும் கேட்பார்கள். சம்பாவில் நார் கொஞ்சம் கூடுதல், பசி தாங்கும். ஆனால் சம்பா என்பதற்காக ஒரு தவி கூட வைத்தால் கணக்கு தப்பிவிடும். தேங்காய் எண்ணெயைக் காபியில் கலந்து குடிக்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். அதில் 90 சதவீதத்துக்கு நெருக்கமாக நிறைவுற்ற கொழுப்பு. தாளிக்கிற அளவுக்கு இருக்கட்டும்.

மீன் விலை ஏறும் மாதங்கள் உங்களுக்குத் தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. நம் மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு, இரண்டு தடையும் உண்டு. வள்ளத்தில் வருகிற நெத்தோலி கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காத நாளில் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை, தயிர். கருவாட்டை வைத்து ஈடுகட்டாதீர்கள், உப்பு அதிகம்.

நடைக்கு வருவோம். அரை மணி நேர வேக நடையில் உங்கள் எடைக்கு 130 கலோரி போல செலவாகும். ஒரு கை சிப்ஸ் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்காக நடையை விடாதீர்கள். சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் ஒழுங்காக்கியபோது நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் அக்காவோடு வீட்டுக்கதை பேசிக்கொண்டே போவது வேக நடை ஆகாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. தக்கலை பக்கம் எந்தத் தெருவிலும் ஏற்றம் இறக்கம் உண்டு. ஏற்றத்தில் வேகம் கூட்டுங்கள், இறக்கத்தில் நிதானமாக வாருங்கள், முட்டுக்கு நோவு தருவது பெரும்பாலும் இறக்கம்தான். சமதளம் வேண்டுமென்றால் கால்வாய்க் கரையில் நல்ல பாதை இருக்கிற இடத்துக்குப் போகலாம்.

உங்களிடம் இல்லாதது தசைக்கான பயிற்சி. வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும், மூன்று நாள் என்றால் நல்லது. ஜிம் தேவையில்லை. கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டி, கையை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி இறங்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. எட்டு முதல் பத்து தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, இன்னும் இரண்டு சுற்று. முட்டு வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பிறகு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து முற்றத்தில் நடப்பது. இருபது நிமிஷத்தில் முடியும். பத்தாவது தடவை எளிதாக வந்தால் பயிற்சியின் பளுவைக் கூட்ட நேரமாகிவிட்டது. தொடைத் தசை பலப்பட்டால் முட்டுக்கும் தாங்கல். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டில் விழும் சுமை நாலு கிலோ போல குறையும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் பெய்யும், ஆகவே மழை நாளில் நடை தடைப்பட்டாலும் இந்த நாற்காலிப் பயிற்சி நிற்க வேண்டியதில்லை. முட்டு வீங்கியிருந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதம் கூட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி: உங்கள் பி.எம்.ஐ.க்கு டாக்டர் அதை யோசிக்க முடியும், மருந்து வேலை செய்வதும் உண்மை. ஆனால் நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. போடும்போது கொழுப்போடு தசையும் போகிறது. ஊசி போட்டாலும் மேலே சொன்ன மீனும் நாற்காலியும் வேண்டும். ஆகவே அதையே முதலில் செய்து பாருங்கள். மெடிக்கலில் நேராகப் போய் வாங்கிப் போடுவது மட்டும் கூடாது.

எடையை வாரம் ஒரு தடவை, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். இடுப்பை மாதம் ஒரு தடவை, விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் வைத்து. நாலு மாதத்தில் மூன்றரை கிலோ, அதாவது 5 சதவீதம் குறைந்தால் அது உடம்புக்குக் கணிசமான லாபம். எடை நின்று இடுப்பு மட்டும் மூன்று செ.மீ. இறங்கினாலும் சரியான வழியில்தான் போகிறீர்கள். இரண்டுமே அசையவில்லை என்றால் ஒரு வாரச் சாப்பாட்டை, கல்யாண வீட்டுப் பிரதமன் பாயசம் உட்பட, அளவோடு எழுதி அனுப்புங்கள். தூக்கம் எத்தனை மணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இந்தக் கடிதத்தில் அது இல்லை.