வேலை வாங்கித் தருகிறவருக்கு யார் காசு கொடுப்பது?

கேள்வி: என் மகள் 4 ஆண்டுகளாகச் சென்னையில் ஜாவா டெவலப்பராக இருக்கிறாள். ஜெர்மனிக்குப் போக ஆசை. புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சி வேலை உறுதி என்று சொல்லி இரண்டரை லட்சம் கேட்கிறது. அதில் 60,000 ரூபாயைப் பதிவுக் கட்டணமாக முதலிலேயே கட்ட வேண்டுமாம். இதற்கிடையில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் லிங்க்ட்இன்னில் பேசினார். காசே வேண்டாம், ரெஸ்யூமே மட்டும் அனுப்பச் சொல்கிறார். சும்மா செய்கிறேன் என்பவரை எப்படி நம்புவது?
– ஒரு தகப்பனார், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சிங்கப்பூர்க்காரர் சும்மா செய்யவில்லை, ஐயா. ஆள் எடுக்கும் கம்பெனி அவருக்குக் காசு கொடுக்கிறது. உங்கள் மகள் வேலையில் சேர்ந்தால், ஆண்டுச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று அவருக்குக் கமிஷன் போகும். மென்பொருள் வேலைகளில் ரெக்ரூட்டர் பிழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே காசு கேட்காததில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அவர் உங்கள் மகளுடைய ஆள் இல்லை, கம்பெனியுடைய ஆள். கம்பெனி வேண்டாம் என்றுவிட்டால் அடுத்த நாள் போனைக்கூட எடுக்கமாட்டார். அதில் வருத்தப்படவும் ஏதுமில்லை. எந்தக் கம்பெனிக்கு அனுப்பப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ரெஸ்யூமேயைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டு ரெக்ரூட்டர்கள் ஒரே ஆளை அனுப்பிவிட்டால், கமிஷன் யாருக்கு என்று தகராறு வரும். கம்பெனிகள் பல நேரம் அந்த ஆளே வேண்டாம் என்று ஒதுக்கிவிடும். அப்புறம், அவர் அனுப்பும் ரெஸ்யூமேயின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். 4 வருட அனுபவத்தை 7 ஆக்கி அனுப்புகிற கெட்டிக்காரர்களும் உண்டு. பின்னால் மாட்டிக்கொள்வது உங்கள் மகள்தான்.

அவருடைய ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத்தின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அங்கே வேலை செய்வதற்கான அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பது வேலை கொடுப்பவர் அல்லது அவர் நியமித்த ஏஜென்சி. விண்ணப்பக் கட்டணமே 105 சிங்கப்பூர் டாலர்தான். பாஸ் எடுக்க லட்சக்கணக்கில் ஆகும் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, புதுச்சேரிக்கு வருவோம். இங்கிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்பும் தொழிலுக்கு, 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவும் உரிமமும் வேண்டும். உரிமம் உள்ளவர்கள் பட்டியல் அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் இருக்கிறது. அந்த உரிமம் பெற்றவரே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இவர்கள் பெயர் பதியவே அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கிறார்கள்!

இதைச் சொன்னால், “நாங்கள் ஏஜென்ட் இல்லை சார், ஆலோசனை மட்டும்தான்” என்று பதில் வரும். அப்படியானால் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். வாயால் சொன்ன ‘வேலை உறுதி’ அதில் எங்காவது இருக்கிறதா? ஆலோசனை, ரெஸ்யூமே தயாரிப்பு, பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்பவைதான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு இரண்டரை லட்சம் என்பது என் கணக்கில் கொள்ளை.

ஜெர்மனிக்கு இடையாள் இல்லாமலே முயலலாம். ‘மேக் இட் இன் ஜெர்மனி’ என்ற அரசுத் தளத்தில் காலியிடங்கள் இருக்கின்றன. வேலைக்கான ஒப்பந்தம் கையில் வந்ததும், படித்த வெளிநாட்டவர் அங்கே தங்கி வேலை செய்வதற்கான ப்ளூ கார்டு விசாவுக்கு உங்கள் மகளே விண்ணப்பிக்கலாம். விசா கட்டணம் 75 யூரோ. ப்ளூ கார்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. ஆள் பற்றாக்குறையுள்ள ஐடி போன்ற துறைகளுக்கு 2025-இல் அது ஆண்டுக்குச் சுமார் 43,760 யூரோ. தொகை ஆண்டுதோறும் மாறும். ஆஃபர் லெட்டரில் அதைவிடக் குறைவாகப் போட்டு, ப்ளூ கார்டு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், லெட்டரையே சந்தேகப்படுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகவே கூடாது. தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப் போய் மியான்மருக்குக் கடத்தி, மோசடி வேலையில் அடைத்துவைத்தது பற்றி வெளியுறவு அமைச்சகமே 2022-இல் எச்சரித்தது. அதில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கேள்வி: இதே மாதிரி ஒரு புதுச்சேரி நிறுவனத்தில் போன வருடம் 40,000 ரூபாய் கட்டினேன். வேலையும் இல்லை, பணமும் வரவில்லை. வழக்குப் போட புதுச்சேரிக்கு அலைய வேண்டுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். நிறுவனம் புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ரசீது, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். ஆன்லைனில் பணம் வாங்கிவிட்டு ஆளே மறைந்துவிட்டால் அது மோசடி, அதற்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் டிகிரி சான்றிதழின் அசல் அவர்களிடம் இருக்கிறதா? இருந்தால் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.