பார்வையற்ற, பார்வை குறைந்த பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு: வடசென்னைக் கேள்விகளுக்குப் பதில்கள்

பார்வையற்ற, பார்வை குறைந்த மாணவர்களுக்குக் கல்லூரிகளில் துணையாக இருப்பது என் வேலை. சேர்க்கை நேரம் என்பதால் கேள்விகள் நிறைய வந்தன. முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா: மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிளஸ் டூ பாஸ். பாரதி மகளிர் கல்லூரியில் சேர்க்கலாமா, வெளியூர் ஹாஸ்டல்தான் சரியா?

தாராளமாகப் பக்கத்திலேயே சேருங்கள் அம்மா. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கவேண்டும். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். அது இன்னும் வாங்கவில்லை என்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போய் விசாரியுங்கள்.

கல்லூரி திறப்பதற்கு முன்பே ஒருநாள் மகளோடு போய் கேட்டிலிருந்து வகுப்பு, கழிவறை, நூலகம், கேன்டீன் என்று நடந்து பாருங்கள். கையைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள். உங்கள் முழங்கையை அவள் பிடித்துக்கொள்ளட்டும், படி எங்கே, திருப்பம் எங்கே என்று வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். கல்லூரி இருக்கும் பிராட்வே நடைபாதையில் கடைகள் நிறைய. அந்த வழியைத் தனியாகப் பழக்கவேண்டியிருக்கும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு விரிவுரையாளர்: நோட்ஸ் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். இருந்தும் படிக்க முடியவில்லை என்கிறார் மாணவர். ஏன்?

சார், நீங்கள் அனுப்பும் ஃபைலைத் திறந்து, ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் பிரச்சினை இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும், ஆனால் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) ‘எம் கே கே எச்’ என்று உளறும். மாணவர் பாவம், அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். தமிழைத் தமிழாகவே பதிவுசெய்யும் யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன.

போட்டோ எடுத்த பக்கமும், ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் திரைவாசிப்பானுக்கு வெறும் படம்தான். கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். அட்டவணையும் சூத்திரமும் கலைந்துவிடும் என்பதால் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கவேண்டும். பாடநூலை இப்படி மாற்றிக் கொடுத்தால் காப்புரிமைப் பிரச்சினை வருமோ என்று பயப்படவேண்டாம். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்திலேயே இதற்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். நோட்ஸை முதல்நாளே கொடுங்கள். மற்றவர்கள் போர்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதை அவர் முந்தின இரவே கேட்டுவிட்டு வருவார். வகுப்பு முடிந்த பிறகு கொடுத்தால் அந்த ஒரு மணி நேரமும் அவருக்கு வீண். போர்டில் எழுதும்போது ‘இதை இதோடு கூட்டினால்’ என்று சொல்லாமல், எதை எதோடு என்று சொல்லுங்கள். மற்ற மாணவர்களுக்கும் அது நல்லதுதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர்: எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. பகலில் புத்தகம் படிக்கிறேன், இருட்டினால் தடுமாறுகிறேன். நடிக்கிறாயா என்று கேட்கிறார்கள்.

தம்பி, இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் நடிக்கவில்லை. விழித்திரையைப் பாதிக்கும் இந்த நோயில் பெரும்பாலும் முதலில் போவது இரவுப்பார்வையும் பக்கப்பார்வையும்தான். நடுப்பார்வை கடைசிவரை நிற்கலாம். அதனால்தான் பொடி எழுத்தைப் படிக்கிற ஒருவர், காலடியில் கிடக்கும் பையைக் காணாமல் தடுக்கி விழுகிறார்.

சட்டமும் கண் பரிசோதனை எழுத்துப் பலகையை மட்டும் வைத்து அளப்பதில்லை. பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரியும் பரப்பு, 40 டிகிரிக்குக் கீழே போனால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. புலப் பரிசோதனை அறிக்கையின் நகலை துறைத்தலைவரிடம் கொடுங்கள். மாலை நேர லேபை காலைக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். கூச்சப்படாமல் வெள்ளைக்கோல் பழகுங்கள், பார்வை கொஞ்சம் இருப்பவர்களுக்கும் அது உரியதுதான்.

ராயபுரத்திலிருந்து ஒரு மாணவி: என் வகுப்புத் தோழிக்கு நானே பரீட்சை எழுதித் தரலாமா?

முடியாமல் போகலாம். சொந்தமாக எழுத்தரை (சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவரை) கூட்டி வந்தால், அவருடைய படிப்பு தேர்வு எழுதுபவருடையதைவிட ஒருபடி குறைவாக இருக்கவேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். உங்கள் பல்கலைக்கழக விதியைத் தேர்வுப் பிரிவில் இப்போதே கேட்டுவிடுங்கள். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதல். யார் எழுதினாலும் சரி, தோழியும் அவரும் முன்கூட்டியே இரண்டு மூன்று பழைய வினாத்தாள்களைச் சேர்ந்து எழுதிப் பார்க்கட்டும். சொல்கிற வேகமும் எழுதுகிற வேகமும் ஒத்துவர அது தேவை.

திருவொற்றியூரிலிருந்து ஒரு அப்பா: பையனுக்குக் குறைபார்வை. ஐடிஐயில் எது எடுக்கலாம்?

கோபா எனப்படும் கம்ப்யூட்டர் பிரிவைப் பாருங்கள். ஒரு வருடப் படிப்பு. சேர்வதற்கு முன்பே என்விடிஏவை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே வேலை செய்யப் பழகட்டும். என்விடிஏ இலவசம்தான்.