பாதி விலையில் ‘கம்ப்ளீட் செட்’: வாங்கலாமா?

கேள்வி: என் மகள் சியாட்டிலில் வேலை பார்க்கிறாள். எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு ஊருக்கு வரும்போது ‘பிரின்ஸ் வேலியன்ட்’ சித்திரத்தொடரை முழுசாக வாங்கி வருகிறேன் என்கிறாள். இணையத்தில் ஒருவர் பழைய பேப்பர்பேக் 40 புத்தகங்களை ‘கம்ப்ளீட் செட்’ என்று மொத்தமாக விற்கிறார். புதிய ஹார்ட்கவர் பதிப்போ ஒரு தொகுதியே 35 டாலர். கணக்குப் போட்டால் பழையது பாதி விலைதான் வருகிறது. இரண்டும் ஒரே பதிப்பகம், ஒரே கதை. மலிவானதை வாங்கினால் என்ன நஷ்டம்? – கோவை வாசகர்

பதில்: நஷ்டம் படத்தில்தான் ஐயா. ஓவியர் ஹால் ஃபாஸ்டர் 1937 பிப்ரவரியில் தொடங்கிய தொடர் இது. வாரம் ஒருமுறை, அமெரிக்க நாளிதழ்களின் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கத்தில் வந்தது. பேச்சு பலூன் கிடையாது. படத்தின் ஓரத்தில் நாலு வரி கதை, மீதியெல்லாம் ஓவியம். அந்த ஓவியம் கலங்கிப்போனால் காசு கொடுத்து வாங்கி என்ன பயன்?

அச்சுத் தொழில்நுட்பத்துக்குள் நான் போகவில்லை. ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மெல்லிய கோடு காணாமல் போகும், நெருங்கிய கோடுகள் ஒட்டிக்கொள்ளும். ஃபேன்டாகிராஃபிக்ஸ் 1984இல் தொடங்கிய பேப்பர்பேக் வரிசைக்கு நல்ல மூலம் வாய்க்கவில்லை. 2009இல் அதே பதிப்பகம் தொடங்கிய ஹார்ட்கவர் வரிசை, ஃபாஸ்டர் தன்னிடமே வைத்திருந்து பின்னால் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்த வண்ண அச்சுப்படிகளிலிருந்து (பத்திரிகையில் அச்சாகும் முன் சரிபார்க்க எடுத்த படிகள்) எடுக்கப்பட்டது. வித்தியாசம் அங்கேதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1938 ஜூன் 19 தேதியிட்ட பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாலத்தின் மேல் கதாநாயகன் வேலியன்ட் தனி ஆளாக வாளோடு நின்று வைக்கிங் கூட்டத்தைத் தடுக்கும் பக்கம் அது. உடலில் போட்டிருக்கும் சங்கிலிக் கவசத்தை உற்றுப் பாருங்கள். வளையம் வளையமாகத் தெரிந்தால் நல்ல அச்சு. மொத்தமும் ஒரே கருப்பாக அப்பிக் கிடந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ‘இருட்டில் எடுத்த போட்டோ சார்’ என்று சொல்லும் ஆளிடம் எதையுமே வாங்காதீர்கள்.

அடுத்தது அந்த ‘கம்ப்ளீட்’ என்ற சொல். எதில் கம்ப்ளீட்? ஃபாஸ்டர் வாராவாரம் வரைந்தது 1971 வரை. அப்புறம் ஜான் கல்லன் மர்ஃபி வரைந்தார். கதையை 1980 வரை ஃபாஸ்டரே எழுதினார். அவருக்குப் பிறகும் வேறு கைகளில் தொடர் போய்க்கொண்டேதான் இருக்கிறது. இதில் எந்த இடத்தில் கோடு போட்டாலும் விற்பவர் அதைக் ‘கம்ப்ளீட்’ என்பார். அறையெல்லாம் அடைக்க வேண்டாம், ஃபாஸ்டரின் ஓவியம் போதும் என்றால் ஹார்ட்கவரில் 18 தொகுதிகள். தொகுதிக்கு இரண்டு வருடம்; முதலாவது 1937-38, பதினெட்டாவது 1971-72.

மொத்தமாக விற்பவரிடம் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகும் தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கி ஒரே படம் எடுக்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை வேறொரு தொடரின் ‘முழு செட்’ வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் எண்ணிக்கை சரி, ஏழாவது தொகுதி மட்டும் இரண்டு, எட்டாவது இல்லை. கேட்டதற்கு, சொன்ன எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டேனே என்றார் தரகர். பணம் திரும்பவே இல்லை.

புதிய வரிசையில் நடுவில் ஏதாவது தொகுதி கடையில் தீர்ந்திருந்தால் மகள் பதற வேண்டாம். 35 டாலர் புத்தகத்துக்கு 300 டாலர் என்று யாராவது போட்டிருப்பார்கள். பாதிப்பேர் கையில் புத்தகமே இருக்காது. நீங்கள் பணம் கட்டிய பிறகுதான் தேடப் போவார்கள். மறுபதிப்பு வருமா என்று பதிப்பகத்திடமே கேட்கட்டும். ஃபேன்டாகிராஃபிக்ஸ் சியாட்டிலில் உள்ள பதிப்பகம்தான், ஜார்ஜ்டவுன் பகுதியில் சொந்தக் கடையே வைத்திருக்கிறது. ஊரிலேயே கடை இருக்க இணையத் தரகர் எதற்கு?

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல புத்தகத்தையே ‘பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது’ என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. 1944 ஏப்ரல் முதல் 1945 நவம்பர் வரை வேலியன்ட் படங்கள் பக்கத்தை முழுசாக நிறைக்காது. கீழே ‘தி மெடீவல் கேசில்’ என்று சம்பந்தமில்லாத இன்னொரு குட்டித் தொடர் மூன்று கட்டங்களில் ஓடும். போர்க்காலக் காகிதப் பஞ்சம்தான் காரணம். இடம் போதாத பத்திரிகைகள் வேலியன்ட் கதையில் கை வைக்காமல், அடியில் இருப்பதை மட்டும் வெட்டிக்கொள்ளட்டும் என்று ஃபாஸ்டரே செய்த ஏற்பாடு. நாலாம் தொகுதியின் பிற்பகுதியிலும் ஐந்தாம் தொகுதியிலும் இதைப் பார்ப்பீர்கள். அது குறையே இல்லை. அந்த அடிப்பகுதி இருந்தால்தான் பக்கம் முழுசு. பழைய நாளிதழ்த் தாளையே ‘ஒரிஜினல்’ என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வருடத் தாளில் கீழ்வரிசை இல்லையென்றால் அதுதான் வெட்டுப்பட்டது.

ஃபாஸ்டர் தன் படிகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் நாம் பிழைத்தோம். மற்ற ஓவியர்களின் கதியை நினைத்தால் வயிறு எரிகிறது. அமெரிக்க நூலகங்கள் பக்கங்களைப் பொடிசாக்கிக் கருப்பு வெள்ளை மைக்ரோஃபிலிம் சுருளில் படம் எடுத்த கையோடு, கட்டுக்கட்டாக பைண்டு செய்து வைத்திருந்த நாளிதழ்களைக் கழித்துக்கட்டின. வண்ண ஞாயிறு பக்கம் அந்த ஃபிலிமில் வெறும் கருந்திட்டு. சான் பிரான்சிஸ்கோவில் பில் பிளாக்பியர்ட் என்ற ஒற்றை மனிதர் அவற்றைக் கேட்டு வாங்கித் தன் வீட்டில் சேர்த்தார். தனி ஆளுக்குத் தரமாட்டோம் என்றார்கள் என்பதற்காகவே ஒரு லாப நோக்கில்லா அமைப்பைத் தொடங்கினார். 1998இல் அந்தச் சேகரிப்பு ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது சுமார் 75 டன் இருந்தது, ஆறு லாரி பிடித்தது. காசும் கட்டடமும் வைத்திருந்த நிறுவனங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது! இன்று நல்ல மறுபதிப்புகள் பல அந்தக் காகிதத்திலிருந்துதான் வருகின்றன.

சரி, வாங்க வேண்டியது இதுதான். பதினெட்டையும் ஒரே பயணத்தில் கொண்டுவர முடியாது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 அங்குல உயரம், நல்ல கனம். இந்த முறை முதல் ஐந்து போதும். 1937 முதல் 1946 வரை, அதாவது நான் பார்த்தவரை ஃபாஸ்டரின் கை உச்சத்தில் இருந்த காலம், அதில் அடங்கிவிடும். பெட்டியில் நிற்க வைக்காமல் படுக்க வைத்து, நாலு மூலைக்கும் துணி சுற்றச் சொல்லுங்கள். மூலை நசுங்கினால் பைண்டிங் விட்டுப்போகும்.