பழைய மோட்டார்ஹோமில் (உள்ளேயே வீடுபோல் தங்கும் வண்டி) பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, புதுசு வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். கடைக்குப் போவதற்கு முன் வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள். விலை குறைந்த சாதாரண மீட்டர் போதும்.

இருபது வருடம் தாண்டிய வண்டி, ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டும் சார்ஜ் நிற்பதில்லை, ஓட்டினாலும் ஏறுவதில்லை, மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை. இதே பேச்சை நம்பி இரண்டு முறை பேட்டரி வாங்கியவன் நான்.

என் வண்டியிலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, உள்ளே விளக்கு, தண்ணீர் பம்பு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் தனியாக இரண்டு பேட்டரி. உங்களுடையதும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். உள் பேட்டரிகள் ராத்திரி பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடும். பம்பு இழுக்காது, விளக்கு மங்கும். புது ஜோடி போட்டேன். பத்து மாதத்தில் அதுவும் போனது. மறுபடியும் ஒரு ஜோடி போட்டேன். மூன்றே வாரத்தில் பழைய கதை திரும்பியது. இவ்வளவுக்கும் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, "ஃபுல்" என்று.

ஒருநாள் சாயங்காலம் பிடிவாதமாக உட்கார்ந்து அளந்தேன். சார்ஜரின் வெளிவரும் முனையில் 14.4 வோல்ட். பேட்டரியின் முனையில் 13.2. நடுவில் 1.2 வோல்ட்டைக் காணோம். மீட்டரின் ஒரு முனையைச் சார்ஜரின் பிளஸ்ஸிலும் மறு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வைத்தேன்: 0.3. அதேபோல் மைனஸுக்கு மைனஸ்: 0.9. எர்த், அதாவது மைனஸ் பக்கம்தான் கோளாறு என்று அப்போது புரிந்தது.

வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். பேட்டரியின் மைனஸ் வயர் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) ஒரு போல்ட்டில் முடிகிறது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, ஸ்பேனர் போட்டால் அசையவே இல்லை, அவ்வளவு இறுக்கம். ஆனால் விரலை வைத்தபோது போல்ட் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்து இரும்பு ஜில்லென்று இருக்கிறது, இது மட்டும் ஏன் சுட வேண்டும்? கழற்றிப் பார்த்தால் வயர் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக்குக்கு அடியில் சேஸிஸின் பெயின்ட் அப்படியே இருந்தது. யாரோ பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாகத்தான் இத்தனை வருடம் கரன்ட் போயிருக்கிறது. அதிலும் துரு ஏறி, லக்கில் பச்சையாகக் களிம்பு பிடித்து, கையில் பொடியாக உதிர்ந்தது.

இதில் சார்ஜர் எப்படி ஏமாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அது தன் முனையில் தெரியும் வோல்ட்டைத்தான் பார்க்கிறது. அங்கே 14.4 வந்துவிட்டது, கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்க்கிறது, "பேட்டரி நிறைந்துவிட்டது" என்று முடிவு செய்து 13.6க்கு இறங்கிவிடுகிறது. பேட்டரி பாதிதான் நிறைந்திருக்கும். ஈய-அமில பேட்டரியை இப்படி அரைவயிற்றோடு மாதக்கணக்கில் வைத்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகி, பிறகு நல்ல சார்ஜ் கொடுத்தாலும் வாங்காது. அதாவது என் முதல் ஜோடியைக் கொன்றதே அந்த போல்ட்தான். பேட்டரி கெட்டுப்போனது உண்மை. ஆனால் அது விளைவு, காரணம் வேறு.

உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, புது லக்கை வயரில் நசுக்கிப் பொருத்தி, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினேன். மைனஸ் பக்கத்தில் 0.9 இருந்த இடத்தில் 0.05 ஆனது. அந்த இரண்டாவது ஜோடி இப்போது நான்காவது வருடமாக ஓடுகிறது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் உள் பேட்டரிகளின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். சார்ஜ் போட்ட கையோடு அளந்தால் பொய்க்கணக்கு வரும். காலையில் 12.6, 12.7 இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. நன்றாகச் சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, அந்தப் பேட்டரியை நிச்சயம் மாற்றத்தான் வேண்டும். இரண்டும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணையாக இருந்தால் பிரித்துத் தனித்தனியாக அளங்கள், ஒரு கெட்டது நல்லதையும் சேர்த்து இழுத்துவிடும். மூடி திறக்கும் வகை என்றால் உள்ளே எட்டிப் பாருங்கள், தகடு தண்ணீருக்கு வெளியே தெரியக்கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

பேட்டரி தேறினால் இணைப்புகளை மாட்டி, சார்ஜ் ஓடும்போதே நான் செய்ததுபோல இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கரன்ட் ஓடாதபோது அளந்தால் எந்த இணைப்பும் நல்லதாகத்தான் தெரியும். மீட்டர் முனையைக் கிளாம்ப் மேல் வைக்காமல் டெர்மினலின் ஈயத்திலேயே வையுங்கள். ஒரு பக்கத்தில் 0.3க்கு மேல் போனால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. லக், ஃபியூஸ் பிடி, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி அளந்துகொண்டே வந்தால் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்து இன்ஜினை ஓட்டி அளங்கள். ஸ்டார்ட்டிங் பேட்டரியில் 14 பக்கம் வந்து, உள் பேட்டரி 12.4லேயே நின்றால், இன்ஜினோடு சுற்றிக் கரன்ட் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரைக் குறை சொல்லாதீர்கள். நடுவில் இருக்கும் ரிலேயோ (இரண்டு பேட்டரிகளையும் தானாக இணைக்கும் சுவிட்ச்) ஃபியூஸோ போயிருக்கலாம். பழைய வண்டிகள் சிலவற்றில் ரிலேக்குப் பதில், கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஐசோலேட்டர் இருக்கும். அது நல்ல நிலையில் இருந்தாலே 0.7 வோல்ட் தின்னும். இன்ஜின் ஓடும்போது எந்தப் பேட்டரியையும் கழற்றாதீர்கள், ஆல்டர்நேட்டரும் எலெக்ட்ரானிக்ஸும் போய்விடக்கூடும். நிறுத்திவிட்டுக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

இரண்டு நாளில் தீர்கிறது என்கிறீர்களே, அதற்குக் கரன்ட் கசிவும் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் ஆம்பியர் மீட்டரைத் தொடராகப் போட்டுப் பாருங்கள். கேஸ் டிடெக்டர், ரேடியோ, ஃபிரிட்ஜ் போர்டு, அணைக்க மறந்த இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து ஒரு ஆம்பியர் போனால் நாளுக்கு 24 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்று வைத்தால், கணக்கு சரியாக உங்கள் இரண்டு நாளில் வந்து நிற்கிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எதில் போகிறது என்று தெரியும்.

"பேசாமல் லித்தியம் போடு" என்று சிலர் சொல்லக்கூடும். லித்தியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது இன்னும் அதிகக் கரன்ட்டை இழுக்கும். கெட்ட போல்ட் இன்னும் சூடாகும், பழைய ஆல்டர்நேட்டர் திணறும். முதலில் வழியைச் சரிசெய்யுங்கள், பிறகு எதை வேண்டுமானாலும் போடலாம். நான் எலெக்ட்ரீஷியன் இல்லை, என் கையால் அளந்ததைத்தான் சொல்கிறேன். மெக்கானிக் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்லவில்லை. நான் போன இரண்டு இடத்திலும் யாரும் மீட்டரை எடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். "வண்டி பழசு சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றபோது ஒரு மருத்துவரும் இதையேதான் சொன்னார், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்." ஒரு வருடம் அப்படியே விட்டுவிட்டோம். பிறகு வேறொருவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின் வெறும் 7. மாத்திரை கொடுத்து மூன்று மாதத்தில் அம்மா பழையபடி மாடி ஏறினாள். அந்த ஒரு வருடத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. முந்தைய உரிமையாளர் சேர்த்த வயரிங் இருந்தால் பொறுமையாகப் பாருங்கள். என் வண்டியில் பிளஸ், மைனஸ் எல்லாமே கறுப்பு வயர், ஒன்றிலும் சீட்டு இல்லை. நான் தொட்ட ஒவ்வொரு வயருக்கும் டேப் சுற்றிப் பெயர் எழுதிவைத்தேன், நாளை இந்த வண்டியை வாங்குபவர் என்னைப்போல அலையக்கூடாது.

அளந்துவிட்டு மூன்று எண்களைக் கீழே எழுதுங்கள்: ஓய்வில் வோல்ட், சார்ஜ் ஓடும்போது சார்ஜர் முனையிலும் பேட்டரி முனையிலும் வோல்ட். பார்த்துச் சொல்கிறேன்.