மலை ஏற எந்த கியர்? கேட்டவங்களுக்கெல்லாம் ஒரே எடத்துல பதில்

வணக்கம்ங்க. ஊட்டி, கோத்தகிரி, ஏற்காடு, கொல்லிமலைன்னு சைக்கிள்ல ஏற ஆசைப்பட்டு நெறைய பேரு கியர் பத்தி கேட்டுட்டே இருக்கீங்க. கோயம்புத்தூர்ல இருந்து மலைக்கு ஓட்டுறவன், என் வண்டிய நானே கழட்டி மாட்டுறவன்ங்கற முறையில தெரிஞ்சத சொல்றேன். கேளுங்க.

அண்ணா, ஈரோடு பக்கம். காலேஜ் படிக்கிறேன். கோத்தகிரி ஏறணும். வீட்ல 21 கியர் எம்டிபி (மலை சைக்கிள்) இருக்கு, ஃப்ரெண்டு 16 கியர் ரோட் பைக் செகண்ட்ஸ்ல தர்றான். கியர் ஜாஸ்தி இருக்குறது தானே நல்லது?

தம்பி, கியர் எத்தனைங்கறத மொதல்ல மறந்துரு. மலைக்கு ஒரே ஒரு கணக்கு தான், முன்னாடி இருக்குற சின்ன பல்சக்கரத்துல எத்தன பல்லு, பின்னாடி பெரிய பல்சக்கரத்துல எத்தன பல்லு, முன்னாடிய பின்னாடியால வகுத்துக்கோ, வர்ற நம்பர் கொறையக் கொறைய ஏறுறது சுலபம், அவ்ளோதான். உன் எம்டிபி-ல முன்னாடி 42-34-24 (மூணு பல்சக்கரத்தோட பல்லு), பின்னாடி 14-28 (சின்னதுல 14, பெருசுல 28 பல்லு) இருக்க வாய்ப்பு அதிகம் (பல்ல எண்ணிப் பாத்துக்கோ, சிலதுல பல்லுகிட்டயே நம்பர் அடிச்சிருப்பான்). அப்ப 24-ஐ 28-ஆல வகுத்தா 0.86. ஃப்ரெண்டோட ரோட் பைக் 50-34, பின்னாடி 11-28ன்னு வச்சா 34-ஐ 28-ஆல வகுத்தா 1.21. நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா எம்டிபி மணிக்கு 6.3 கிமீ போகும், ரோட் பைக் 9.2 கிமீ போகும். அதாவது ஏத்தத்துல ரோட் பைக்க 60 சுத்துல வச்சிருக்கணும்னா நீ 9 கிமீ வேகத்துக்கு மேல ஏறியே ஆகணும், அதுக்கு கால்ல தெம்பு வேணும். வீட்ல இருக்குற வண்டியே போதும் தம்பி. முள்ளு முள்ளா இருக்குற டயர மட்டும் மாத்திட்டு வழுவழு டயர் போட்டு நல்லா காத்தடிச்சு ஓட்டு, காசும் மிச்சம்.

இந்த 60 சுத்து கணக்கு எங்கிருந்து வந்துச்சு? சமதரைல 80, 90 மிதிக்கணும்னு தானே சொல்றாங்க?

சமதரைல 80, 90 சரிதாங்க. ஏத்தத்துல பெரும்பாலானவங்களுக்கு தானா 60, 70க்கு வந்துரும், அதுல தப்பில்ல. ஆனா 50க்கு கீழ எறங்கி ரொம்ப நேரம் அழுத்திட்டே இருந்தா பாரம் முழுக்க முட்டிக்கு போயிரும். அதனால தான் 60-ஐ கடைசி கோடா வச்சு கணக்கு போடச் சொல்றேன். மனப்பாடம் பண்ண ஒரே நம்பர் இது தான், ரோட் பைக் டயர் ஒரு சுத்துக்கு சுமாரா 2.1 மீட்டர் போகும். கியர் 1.0ன்னா 60 சுத்துக்கு மணிக்கு ஏழரை கிமீ. மத்ததெல்லாம் இதுல பெருக்கிக்கலாம்.

சார், சேலம். ஏற்காடு ரெண்டு தடவ ஏறிட்டேன், ரெண்டு தடவையும் எறங்கி வந்து நாலு நாளு முட்டிக்கு முன்னாடி வலி. ரோட் பைக், ஷிமானோ கிளாரிஸ் 8 ஸ்பீட் கியர் செட் (பின்னாடி 8 பல்சக்கரம்), 50-34, 11-28. எடை 72 கிலோ. உடம்ப தேத்தணுமா, கியர மாத்தணுமா?

கியர மாத்துங்க சார், உடம்பு தானா தேறும். நீங்க 72, வண்டி 11ன்னு வச்சா 83 கிலோ. 8 சதவீத சரிவுல (100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏத்தம்) உங்க சின்ன கியர்ல 60 சுத்து மிதிக்க சுமாரா 185 வாட் வேணும். அதே எடத்துல பின்னாடி 34 பல்லு இருந்தா 150 வாட்ல அதே 60 சுத்து கெடைக்கும். வேகம் கொறையும், ஆனா முட்டி தப்பிச்சுரும். 185 வாட்ட ஒரு மணி நேரம் தாங்குறது தெனமும் பயிற்சி பண்றவங்களுக்கே வேலை தான், அது இல்லாதப்ப சுத்து 45, 40ன்னு எறங்கும், முட்டி வாங்கும். அதுக்கு முன்னாடி சீட் உயரத்தையும் ஒரு தடவ பாத்துருங்க, சீட் ரொம்ப கீழ இருந்தாலும் முட்டி முன்பக்கம் தான் வலிக்கும்.

இப்ப வேலைக்கு வருவோம். 8 ஸ்பீடுல 11-32, 11-34 கேசட் (பின்னாடி இருக்குற பல்சக்கர அடுக்கு) ரெண்டுமே கெடைக்குது, வெலையும் கம்மி. ஆனா கேசட் மட்டும் வாங்கிட்டு ஓடிறாதீங்க, பின்னாடி ஆர்டி (செயின ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு தள்ளுற டீரெய்லர்) அத்தன பெரிய பல்ல தாங்குமான்னு பாக்கணும். ஆர்டி உள்பக்கம் மாடல் நம்பரோட எஸ்எஸ் இல்ல ஜிஎஸ்னு போட்டிருக்கும். ஜிஎஸ்னா கேஜ் (செயின இழுத்துப் புடிக்கிற கை) நீளம். எஸ்எஸ்னா குட்டை கேஜ், 34 தாங்காது. அப்ப என்ன பண்ணலாம்னா, ஷிமானோவோட 8 ஸ்பீட் ரோட் ஷிஃப்டருக்கு (ஹேண்டில்ல கியர் மாத்துற லீவர்) அவங்களோட பழைய 9 ஸ்பீட் எம்டிபி ஆர்டி (அசெரா, அலிவியோ மாதிரி) அப்படியே வேலை செய்யும், கேபிள் இழுக்குற அளவு ரெண்டுக்கும் ஒண்ணு தான். 10 ஸ்பீட் எம்டிபி ஆர்டி மட்டும் வாங்கிறாதீங்க, அதுல அந்த அளவ மாத்திட்டாங்க, கியர் எடத்துல உக்காராது.

கடைசியா செயின். இத தயவு செஞ்சு அலட்சியம் பண்ணாதீங்க. பெரிய கேசட் போட்டா பழைய செயின் நீளம் பத்தாது. முன்னாடி பெருசு, பின்னாடி பெருசுன்னு தெரியாம போட்டுட்டீங்கன்னா செயின் விறைச்சு ஆர்டியும் அத ஃப்ரேம்ல மாட்டியிருக்குற ஹேங்கரும் சேந்து உடையும், நடு மலையில நிக்க வேண்டி வரும். ஆர்டி வழியா விடாம முன்னாடி பின்னாடி ரெண்டு பெரிய பல்சக்கரத்தயும் செயினால சுத்தி, அது சேர்ற எடத்துக்கு மேல ரெண்டு லிங்க் சேத்து வெட்டச் சொல்லுங்க. மெக்கானிக் கிட்ட நின்னு பாத்துட்டு வாங்க.

ஷிமானோ 105 ஆர்7000 ஆர்டி இருக்கு ப்ரோ, 11-34 கேசட் ஏறுமா?

ஜிஎஸ்னா 34 வரைக்கும். எஸ்எஸ்னா 30 தான். ஆர்டிய மாத்துங்க ப்ரோ.

வணக்கம் அண்ணா. 46 வயசு, கோவை. ஹைப்ரிட் வண்டி, 48-38-28, பின்னாடி 14-28 ஃப்ரீவீல். மருதமலை ரோட்டுல காலைல ஓட்டுவேன், கோத்தகிரி ஏறணும்னு ரொம்ப நாள் ஆசை. "உங்களால முடியாது, எறங்கி தள்ளணும்"னு குரூப்ல சொல்றாங்க.

முடியும் அக்கா. உங்க சின்ன கியர் இப்பவே 1.0, அதாவது நாலு பேரு காசு போட்டு கேசட் மாத்தி வாங்குற கியர் உங்க வண்டில கம்பெனிலயே வந்துருக்கு. இன்னும் சுலபமா வேணும்னா 14-34 ஃப்ரீவீல் (சக்கர நடுவுல இருக்குற ஹப்புல திருகி மாட்டுற பல்சக்கர அடுக்கு) ஒண்ணு வாங்கி மாட்டுங்க, 0.82 ஆயிரும், 6 கிமீ வேகத்துல கூட கால் சீரா சுத்தும். நீள கேஜ் இருக்குற ஷிமானோ டூர்னி ஆர்டி-ன்னா பெரும்பாலும் 34 தாங்கும், செயின் நீளம் மட்டும் மேல சொன்ன மாதிரி பாத்துக்குங்க. கடைல கேக்கும்போது "கேசட்"னு கேக்காதீங்க, "ஃப்ரீவீல்"னு கேளுங்க, ரெண்டும் வேற, மாத்தி வாங்கிட்டா ஹப்புல ஏறாது.

மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800 மீட்டர் கிட்ட, நடுவுல 33 கிமீ. சராசரி போட்டா நாலரை சதவீதம் தான் வரும், ஆனா ஆரம்பத்துல ஊரத் தாண்டுற வரைக்கும் சமதரை, அதனால மலைல நெஜமான சரிவு அதுக்கு மேல இருக்கும். விடியறதுக்குள்ள கெளம்புங்க, 5, 6 மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், டீக்கு நிறுத்துங்க. தள்ளணும்னு தோணுச்சுன்னா தள்ளுங்க, அதுல யாருக்கும் என்ன போச்சு, மலை அங்கயே தான் இருக்கும். சொன்னவங்கள விடுங்க அக்கா, போய்ட்டு வந்து சொல்லுங்க.

நாமக்கல் அண்ணா. அப்பாவோட பழைய 28 இன்ச் வண்டி, கியர் இல்ல. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு ஏறலாமா?

தம்பி, வளைவு எண்ணிக்கையப் பாத்து பயப்பட வேணாம், ரோட்ட அத்தன தடவ மடிச்சு மடிச்சு ஏத்துனதால தான் சரிவு ஓரளவுக்கு அடங்கி இருக்கு. பிரச்சன உன் வண்டியோட கியர். 44க்கு 18 பல்லுன்னா 2.44, 60 சுத்துக்கு 19 கிமீ வேகம். மலைல நீ 8 கிமீல தான் போவ, அப்ப சுத்து 25 தான் வரும், ஒவ்வொரு மிதிக்கும் ஏறி நின்னு அழுத்தணும். பின்னாடி 22 பல்லு ஃப்ரீவீல் போட்டாலும் 2.0 தான். ஏத்தத்த விட எனக்கு பயம் இறக்கம் தான், கம்பி பிரேக் அவ்ளோ நீளமான இறக்கத்துக்கு ஆகாது, ஈரமா இருந்தா சுத்தமா புடிக்காது. அந்த வண்டிய ஊருக்குள்ள ஓட்டு, மலைக்கு யாரு கிட்டயாவது கியர் வண்டி வாங்கிட்டு போ.

மசினகுடில இருந்து கல்லட்டி வழியா ஊட்டி, பின்னாடி 12 கிலோ லக்கேஜ். 1.0 கியர் போதுமா?

போதாதுங்க. அது 36 கொண்டை ஊசி, பல எடத்துல 10 சதவீதத்துக்கு மேல போகும், மூச்சு விட சமதரை கம்மி. ஆளு, வண்டி, மூட்டை எல்லாம் சேத்து 95 கிலோ தாண்டுச்சுன்னா 10 சதவீதத்துல வெறும் 6 கிமீ வேகத்துக்கே 165 வாட் வேணும். அதனால 0.8 இல்ல அதுக்கும் கீழ பாருங்க. 46-30 கிராங்க் (பெடலோட சேந்த முன்பக்க பல்சக்கர செட்), பின்னாடி 34 போட்டா 0.88, லக்கேஜ் இல்லாம நல்லது, உங்களுக்கு கொஞ்சம் பத்தாது. முன்னாடி ஒரே பல்சக்கரம் 32, பின்னாடி 11-46ன்னா 0.70. சமதரைல 32-11 மணிக்கு 35 கிமீக்கு மேல கால் சும்மா சுத்தும், லக்கேஜோட போறவங்களுக்கு அந்த வேகம் எதுக்கு? என்னைக் கேட்டா மூணு பல்சக்கரம் இருக்குற பழைய எம்டிபி கிராங்க் தான் டூரிங்க்கு இன்னும் ராஜா, ஏன் அத நிறுத்துறாங்கன்னு எனக்கு வருத்தமே உண்டு. அப்புறம் அது காடு, யானை நடமாட்டம் இருக்கு, அந்த ரோட்டுல கட்டுப்பாடும் இருக்கு, போறதுக்கு முன்னாடி விசாரிச்சுட்டு வெளிச்சத்துல மட்டும் போங்க.

ஹேர்பின்ல தான் எனக்கு கால் நின்னு போகுது, ஏன்?

நாம இடது பக்கம் ஓட்டுறோம்ல, அதனால இடது பக்கம் திரும்புற வளைவுல உள்பக்கமா மாட்டிக்குவோம், அங்க தான் சரிவு ரொம்ப செங்குத்து. வலது பக்கம் திரும்புற வளைவு வெளிப்பக்கம், சுலபம். அதனால இடது வளைவுக்கு 10 மீட்டர் முன்னாடியே சின்ன கியருக்கு வந்துருங்க, மாத்துற நேரம் மட்டும் அரை சுத்து லேசா மிதிங்க. வளைவுக்குள்ள போய் அழுத்திக்கிட்டே மாத்துனா செயின் கழண்டுரும். பஸ் எறங்கி வந்தா வழி விட்டு நின்னுருங்க.

ஆனா சார், ரேஸ் ஓட்டுறவங்க பெரிய கியர்ல தானே ஏறுறாங்க? சின்ன கியர் போட்டா கேலி பண்றாங்க.

அவங்க உடம்பு எடைல கிலோவுக்கு 6 வாட் கிட்ட மிதிக்கிறவங்க, 8 சதவீதத்துலயே 20 கிமீ கிட்ட போவாங்க, அந்த வேகத்துக்கு அந்த கியர் சரியா இருக்கு. நமக்கு நம்ம வேகத்துக்கு ஏத்த கியர். இந்த கேலியும் பழசு தான், டூர் டி பிரான்ஸ்ல 1937 வரைக்கும் டீரெய்லரயே அனுமதிக்கல, கியர் மாத்துறது பலவீனம்னு நெனச்சாங்க. அனுமதிச்ச பிறகு ஒருத்தரும் திரும்பிப் போகல.

புது கேசட் மாட்டுனேன், அழுத்துனா செயின் வழுக்குது?

பழைய செயினா? தேஞ்சு நீண்ட செயின் புதுப் பல்லுல உக்காராது. செயின் தேய்மானம் அளக்குற கருவி வச்சு பாருங்க, 0.75 சதவீதம் தாண்டிருந்தா புது செயின் போட்டுருங்க, சரியாயிரும்.