நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள். 2022இல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். அப்பாவுக்கு உடல்நலம் குன்றியதால் உடனே வேலைக்குப் போக முடியாமல், எங்கள் வீட்டுக் கைலித் தறிகளின் நூல் கணக்கையும் கூலிக் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையின் ஆய்வக உதவியாளர் பணிக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். இதற்கு முன் வேலூரில் ஓர் இடத்தில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டதும், மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலப் பத்தி பாதியில் மறந்து நின்றுவிட்டேன். வழக்கமான கேள்விகளுக்குரிய பதில்களை மறக்காதபடி எப்படிப் படிப்பது? இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

இப்படிக்கு,
குடியாத்தம் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இராணிப்பேட்டையில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றின் ஆய்வகப் பொறுப்பில் இருந்த காலத்தில், விண்ணப்பித்து வருபவர்களிடம் கேள்வி கேட்கும் பக்கத்தில் நான் பலமுறை அமர்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தப் பத்தி முழுவதையும் நீங்கள் தடங்கலின்றி ஒப்பித்திருந்தாலும் அடுத்த கேள்வியில் திணறியிருப்பீர்கள். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்பவர் பெரும்பாலும் உங்கள் விண்ணப்பத்தைச் சில நிமிடங்களுக்கு முன்புதான் புரட்டியிருப்பார். எதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்கலாம் என்று தேடுவதற்காகவே அவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் அவருக்கு அடுத்த கேள்வி கிடைக்கிறது. “நான் கடின உழைப்பாளி” என்றால், “எங்கே உழைத்தீர்கள்?” என்று கேட்பார். பத்தியை எழுதிக் கொடுத்தவர் அதற்கு விடை எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். ஆகவே, உங்கள் பதிலின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி வைத்து, “இதைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார்?” என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், அந்த இரண்டாவது கேள்விக்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை நீக்கிவிடுங்கள். மிஞ்சுபவை நான்கைந்து வாக்கியங்களாகவே இருக்கும். நடந்தவற்றைச் சொல்வதால் அவை மறக்கவும் மாட்டா.

இடைப்பட்ட ஆண்டுகளை நீங்கள் குறையாக நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஆய்வக வேலைக்கு மிகவும் பொருந்திய செய்தி அதுதான். பாவுக்கும் (நீளவாட்டு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) கொடுத்த நூலின் எடை எவ்வளவு, நெய்து வந்த கைலியின் எடை எவ்வளவு, கஞ்சியால் கூடியது எவ்வளவு, கழிவாகப் போனது எவ்வளவு என்று பார்த்து, கணக்கு இடிக்கும் இடத்தில் காரணத்தைத் தேடுகிறவர், ஆய்வகத்தில் நாள்தோறும் செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். எடை பொருந்தாமல் போன ஒரு நாளை நினைவுக்குக் கொண்டு வாருங்கள்: முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், தராசைச் சரிபார்த்தீர்களா, பிழை யாருடையது என்று தெரிந்தபின் அவரிடம் எப்படிப் பேசினீர்கள்? “சிக்கலை எப்படிக் கையாள்வீர்கள்?”, “பிறரோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறீர்களா?”, “உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?” என்னும் மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒரு நாளே பதிலாகும். அப்பாவின் நோயை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவருடைய மருத்துவ விவரங்கள் தேர்வாளருக்குத் தேவையில்லை.

“எங்கள் ஆலையைப் பற்றி என்ன தெரியும்?” என்று நிச்சயம் கேட்பார்கள். இணையதளத்தில் உள்ள தொடக்க ஆண்டையும் ஏற்றுமதி நாடுகளையும் ஒப்பிப்பவர்கள் பலர். நீங்கள் கல்லூரியில் படித்த வேதியியல் அந்த ஆலைக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். ஃபீனால்ப்தலீனைக் காரத்தன்மை காட்டும் நிறங்காட்டியாக நீங்கள் அறிவீர்கள். டேனரியில், முடியை அகற்றத் தோலில் ஏற்றிய சுண்ணாம்பை நீக்கும் கட்டத்தில் தோலின் ஓரத்தை வெட்டி, அந்த வெட்டுமுகத்தில் அதே ஃபீனால்ப்தலீனை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அங்கே சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். கழிவுநீர்ச் சோதனைகளான பிஓடிக்கும் (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) சிஓடிக்கும் (வேதி ஆக்சிஜன் தேவை) வேறுபாடு கேட்டால், முதலாவது நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு என்பதையும், இரண்டாவது பொட்டாசியம் டைகுரோமேட் கொண்டு வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்து அளப்பது என்பதையும் சொல்லுங்கள். பிஓடியை 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்துப் பார்ப்பது நம் நாட்டு முறை என்பதையும் சேர்த்துச் சொன்னால், நீங்கள் தேர்வுக்காக மட்டும் படித்தவரில்லை என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைகளுக்கு நம் பகுதியில் இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. பாலாற்றுப் பகுதியில் டேனரிக் கழிவுநீர் நிலத்தையும் நீரையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆய்வகத்தில் எழுதப்படும் ஓர் எண் தவறானால் அதன் விளைவைச் சுமப்பது நம் ஊர்க் கிணறுகள்தான் என்பதை உணர்ந்து வருபவரை நான் எப்போதும் முதலில் தேர்ந்தெடுப்பேன்.

“உங்கள் பலவீனம் என்ன?” என்ற கேள்விக்கு, “அளவுக்கு மீறி உழைப்பது” என்னும் பதிலைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்பது உங்களுக்கு உண்மையான பதில். அதோடு அதைச் சரிசெய்ய இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், செய்யவில்லையென்றால் இன்றே தொடங்குங்கள். தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டு, உங்களுக்குச் சொல் வராமல் போனால், “தமிழில் சொல்லலாமா?” என்று அனுமதி கேட்டுத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆலைக்குள் தொழிலாளர்களிடம் தமிழில்தான் பேசப் போகிறீர்கள். உங்களுக்குக் கொஞ்சம் உருது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், நம் பகுதித் தோல் தொழிலில் அது பயன்படும். ஐந்தாண்டுக்குப் பின் எங்கே இருப்பீர்கள் என்பதற்கு, எந்தச் சோதனைகளைத் தனியாகச் செய்யும் தகுதி பெற விரும்புகிறீர்கள் என்று சொன்னால் போதும்.

பலர் எதிர்பாராத கேள்வி ஒன்று உங்களுக்குக் கட்டாயம் வரும்: “குடியாத்தத்திலிருந்து எப்படி வருவீர்கள்?” குடியாத்தம், காட்பாடி, வாலாஜா ரோடு மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன, வேலூர் வந்து பேருந்து மாறியும் போகலாம். தேர்வுக்கு முன் ஒரு வேலைநாளில், ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்குள் போய்ச் சேர முடிகிறதா என்று ஒருமுறை பயணம் செய்தே பாருங்கள். இரவு ஷிஃப்ட் உண்டா என்பதை நீங்களே கேளுங்கள். வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுத்துக்கொண்டு போங்கள்.

சம்பளப் பேச்சு வரும்போது, கையில் வருவது எவ்வளவு என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதி) அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவற்றில் தொழிலாளி பங்காக 12 சதவீதமும், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பொருந்துமானால் 2019 ஜூலை முதல் ஊதியத்தில் 0.75 சதவீதமும் பிடிக்கப்படுகின்றன. இந்த இரண்டும் அங்கே உண்டா என்பதைச் சம்பளத் தொகையைக் கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள். இறுதியில் “நீங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?” என்பார்கள், முதல் மூன்று மாதங்களில் யாருக்குக் கீழ் வேலை பழக வேண்டியிருக்கும், கழிவுநீர் மாதிரிகளும் இதே ஆய்வகத்துக்கு வருமா என்று கேளுங்கள்.

அன்புடன்.