போர்ட்டிகோல நிக்கற மாருதி 800: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம்ங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் கிடையாது. கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனி ஒண்ணுல டூல் ரூம்ல வேல. 2019ல 38 ஆயிரத்துக்கு ஒரு 1992 மாடல் எய்ட் ஹண்ட்ரட் வாங்கி, ரெண்டரை வருஷ ஞாயித்துக்கிழமைய எல்லாம் அதுக்கு அடியிலேயே படுத்துக் கழிச்சேன். அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு இன்னும் மூணு வண்டிக்கு கை குடுத்தாச்சு. நான் பண்ணதையும் சொதப்பினதையும் வெச்சுதான் பதில் வரும்.

சேலத்துலேர்ந்து: அண்ணா, 1994 மாடல் ஒண்ணு 45 ஆயிரம் சொல்றாங்க. பெயிண்ட் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. வாங்கலாமா?

அந்த பளபளப்புதான் தம்பி எனக்கு பயமே. முப்பது வருஷ வண்டி பளபளன்னு நின்னா கீழ என்ன ஒளிச்சிருக்காங்கன்னுதான் பாக்கணும். ஃபிரிட்ஜ்ல ஒட்டற காந்தத்த ஒரு துணில சுத்தி எடுத்துட்டு போங்க. ரன்னிங் போர்டு, பின் வீல் ஆர்ச், கதவோட அடி விளிம்புன்னு எல்லா இடத்துலயும் வெச்சுப் பாருங்க, எங்க ஒட்டாம வழுக்குதோ அங்க தகரம் இல்ல, பட்டிதான். அப்புறம் முன் மிதியடிய தூக்கி கார்ப்பெட்டுக்கு அடில கைய விடுங்க, ஈரமா இருந்தா இல்ல பழைய கோணி வாசம் அடிச்சா, ஃப்ளோர் போயிடுச்சுன்னு வெச்சுக்கலாம். பேட்டரி டிரேவ கழட்டச் சொல்லுங்க, ஆசிட் ஒழுகி அந்த இடம் அரிச்சிருக்கும். பானெட்ட தூக்கி ஸ்ட்ரட் மவுண்டிங், அதாவது முன் ஷாக் மேல பாடியோட சேர்ற இடத்த சுத்தி வெடிப்பு இருக்கான்னு பாருங்க, அங்க துரு இருந்தா பேரமே பேசாம கிளம்பிடுங்க.

சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டும் ஆர்.சி.யோட ஒத்துப் போகணும். ஆர்.சி. உயிரோட இருக்கணும், இது வண்டிய விட முக்கியம். எஞ்சின் புகையறதெல்லாம் பிரச்சனையே இல்ல, எஞ்சின் கிடைக்கும். பெயிண்ட் போன, தகரம் நல்லா இருக்கற அசிங்கமான வண்டி கிடைச்சா ரெண்டு கையாலயும் வாங்கிக்கோங்க.

தஞ்சாவூர்: டிரைவர் பக்கம் ஃப்ளோர்ல ரோடு தெரியுது சார். வீட்டுலயே வெல்டிங் பண்ணலாமா? பக்கத்து டிங்கர் கேஸ் வெல்டிங்ல பண்ணித் தரேங்கறார்.

ரோடு தெரியுதுன்னா, கண்ணுக்குத் தெரியற ஓட்டைய விட மூணு மடங்கு வெட்ட வேண்டியிருக்கும்னு மனச தயார் பண்ணிக்கோங்க. என் வண்டில உள்ளங்கை அளவு ஓட்டைதான் இருந்துச்சு. கார்ப்பெட்ட உரிச்சா அடியில இருந்த சணல் மெத்த தண்ணி குடிச்ச துணி மாதிரி கனத்துட்டு வந்துச்சு, அதுக்குள்ள ரெண்டு 25 பைசா, ஒரு ஹேர்பின், யாரோ வெச்சுட்டுப் போன மல்லிப்பூ நார். ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிட்டே வந்தேன், நல்ல தகரம் டங்குன்னு சொல்லும், போனது பொத்துன்னு சொல்லும். பொத்துன்னு சொன்ன இடத்த எல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டா கடைசில ஒரு தினசரி பேப்பர விரிச்ச அளவுக்கு வந்துடுச்சு.

கேஸ் வெல்டிங் வேண்டாம்ங்க. அந்த டிங்கர குறை சொல்லல, அந்த காலத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க. ஆனா இந்த வண்டியோட தகரம் மெலிசு, கேஸ் சூடு பரவிச்சுன்னா அப்பளம் மாதிரி நெளியும், பக்கத்துல இருக்கற நல்ல இடமும் வெந்து ஆறு மாசத்துல அங்கேயும் துரு வரும். மிக் வெல்டிங்தான் சரி, கரண்ட்ல கம்பி தானா வந்து உருகி ஒட்டற வெல்டிங் அது. 22 கேஜ் (சுமார் முக்கால் மில்லிமீட்டர் கனம்) ஷீட்ட அளவா வெட்டி, நீளமா இழுக்காம புள்ளி புள்ளியா வெக்கணும், ஒரு புள்ளி இங்க, அடுத்தது எதிர் மூலைல, நடுவுல ஆற விடணும். பழசு மேல புதுசு ஏறி உக்காந்தா அந்த ரெண்டு தகரத்துக்கு நடுவுல தண்ணி நிக்கும், அதனால முடிஞ்ச இடத்துல விளிம்பும் விளிம்பும் சேர்ற மாதிரி வெட்டுங்க. முடிச்சதும் அன்னிக்கே எபாக்ஸி பிரைமர், ஜாயிண்ட்ல சீலர், அடில அண்டர்கோட்டிங். வெறும் ரெட் ஆக்சைடு அடிச்சுட்டு மழைல நிறுத்தி வெச்சா அது பஞ்சு மாதிரி தண்ணிய இழுக்கும், நான் ஒரு ஐப்பசி மாசம் அனுபவிச்சுட்டேன், மொத்தத்தையும் திரும்பச் சுரண்டினேன்.

ரொம்ப முக்கியமா, பெட்ரோல் டேங்க்க இறக்கி வீட்டுக்கு வெளிய வெக்காம வெல்டிங் பண்ணவே கூடாது. வண்டிக்கு அடியில ஓடற பெட்ரோல் பைப்பையும் கழட்டிடுங்க, பேட்டரியையும் எடுத்துடுங்க. வெறும் ஜாக்கி மேல நிக்கற வண்டிக்கு அடில தலைய விடாதீங்க, நாலு ஸ்டாண்டு வாங்கிடுங்க. தண்ணி வடியற ஓட்டைங்க கதவுக்கு அடிலயும் ரன்னிங் போர்டுலயும் இருக்கும், பழைய பெயிண்டர் எவனாவது பட்டி போட்டு அடைச்சிருப்பான், எல்லாத்தையும் குத்தி விடுங்க. பாதி துரு வர்றதே அந்த அடைப்பாலதான்.

மதுரை: ஸ்டார்ட் ஆகுது, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா ஆஃப். கார்புரேட்டர் ரெண்டு தடவ சர்வீஸ் பண்ணியாச்சு.

உங்க கார்புரேட்டர் மேல யூகால்னு இருக்கும், ஜப்பான் மிகுனி டெக்னாலஜில நம்ம மறைமலை நகர்ல செஞ்சது, நல்ல சாமான். புதுசு மாத்துங்கன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க. முதல்ல ஒரு சின்ன டெஸ்ட்: சாவிய ஆன் பண்ணுங்க, எஞ்சின் ஓட வேண்டாம், கார்புரேட்டர்ல இருக்கற சோலனாய்டு (கரண்ட்ல திறக்கற குட்டி வால்வு) வயர கழட்டி மாட்டுங்க, டிக்குன்னு சத்தம் வரணும். வரலன்னா சோலனாய்டுக்கு கரண்ட் வரல, இல்ல அது செத்துப் போச்சு. அது செத்தா ஐடிலிங்க்கு, அதாவது கால எடுத்தப்புறம் எஞ்சின் ஓடறதுக்கு பெட்ரோல் போகாது, நீங்க நூறு தடவ சர்வீஸ் பண்ணாலும் இதே கததான். சத்தம் வந்தா ஐடில் ஜெட் அடைப்பு. ஸ்ப்ரே கிளீனரும் காத்தும்தான், கம்பி விட்டு குத்திடாதீங்க, ஜெட்டோட அளவு மாறிடும். அதுவும் சரின்னா கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கற மேனிஃபோல்டுல எங்கியோ வேக்கம் லீக், வெளிக்காத்து உள்ள போகுது, வெடிச்ச ரப்பர் ஹோஸ்களப் பாருங்க. பிளக்குக்கு கரண்ட் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் மாடலா இருந்தா பாயிண்ட் கேப் 0.4லேர்ந்து 0.5 மில்லிமீட்டருக்குள்ள ஃபீலர் கேஜ் வெச்சு செட் பண்ணிட்டுதான் கார்புரேட்டர்ல கைய வெக்கணும். பாதி கார்புரேட்டர் கோளாறு உண்மைல கரண்ட் கோளாறு.

திண்டுக்கல்: இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலால பழைய வண்டி வீணாயிடுமா?

எஞ்சினே வெடிச்சிடாது, பயப்படாதீங்க. அடி வாங்கறது ரப்பர்தான். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கிட் இதெல்லாம் எத்தனால் தாங்கற மெட்டீரியல்ல மாத்திடுங்க. எத்தனால் ஈரத்த இழுக்கும், அதனால வண்டி நின்னுட்டே இருந்தா டேங்க் உள்ள துரு பிடிக்கும். மாசக்கணக்குல நிறுத்தறதா இருந்தா கார்புரேட்டர் கிண்ணத்த காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

சென்னை: ப்ரோ, 13 இன்ச் அலாய் போட்டு கொஞ்சம் லோயர் பண்ணா செமயா இருக்கும்ல?

பாக்கறதுக்கு செமயா இருக்கும் ப்ரோ, ஓட்டறதுக்கு மாட்டுவண்டி மாதிரி இருக்கும். கணக்கப் பாருங்க. ஒரிஜினல் டயர் சைஸ் 145/70 ஆர்12, மொத்த உயரம் சுமார் 508 மில்லிமீட்டர். 155/65 ஆர்13 போட்டா 532 ஆயிடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டறப்ப நீங்க கிட்டத்தட்ட 63ல போவீங்க, முழு ஸ்டியரிங் ஒடிச்சா உள்ள உரசும், கியரிங்கும் நீண்டு மேட்டுல திணறும். இருக்கறதே நாப்பது குதிரைக்கு கொஞ்சம் கம்மி. ஸ்பிரிங்க வெட்டி லோயர் பண்றத பத்தி பேசவே வேண்டாம், நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கர் பதில் சொல்லும்.

எனக்கு பிடிச்ச வழி வேற. டாடா நானோவோட பின் டயர் சைஸ் 155/65 ஆர்12. உயரம் 506தான், ஒரிஜினல விட ரெண்டு மில்லிமீட்டர் கம்மி, ஆனா ஒரு சென்டிமீட்டர் அகலம். ஸ்டீல் ரிம்ம மணல் அடிச்சு வெள்ளி கலர் அடிச்சா அதோட அழகே தனி. புஷ், லோயர் ஆர்ம், டை ராட் எண்ட், நாலு ஷாக்கும் புதுசு போட்டு அலைன்மெண்ட் பாத்தாலே உங்களுக்கு வேற வண்டி ஓட்டற மாதிரி இருக்கும். அலாய்க்கு வெச்ச காச இதுல போடுங்க.

ஈரோடு: மாருதி எஸ்டீம் காரோட 1.3 லிட்டர் எஞ்சின் இறக்கலாம்னு இருக்கேன் அண்ணா. நெறைய பேரு பண்ணிருக்காங்க.

பண்ணிருக்காங்க, நானும் ஒண்ணு ஓட்டிப் பாத்திருக்கேன், ரெண்டாவது கியர்ல சிரிப்பு வருது, மூணாவதுல பயம் வருது. 650 கிலோ வண்டி, 39 குதிரைன்னு கணக்கு போட்டு பிரேக்கும் பாடியும் செஞ்சிருக்கான். மூக்குல கனத்த ஏத்தி சக்திய ரெண்டு மடங்காக்கினா பிரேக், ஆக்ஸில், மவுண்டிங், ரேடியேட்டர் எல்லாத்தையும் மாத்தணும், அப்புறம் அது எய்ட் ஹண்ட்ரடே இல்ல. சட்டமும் இருக்கு. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் கம்பெனி குடுத்த அடிப்படை அமைப்ப மாத்தக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லியாச்சு. எஞ்சின் மாத்தணும்னா ஆர்.டி.ஓ. முன் அனுமதி வேணும். நாளைக்கு ஒரு ஆக்ஸிடெண்ட்ல இன்ஷூரன்ஸ்காரன் எஞ்சின் நம்பர பாத்தான்னா கைய விரிச்சிடுவான்.

உங்க வண்டியோட அந்த 796 சிசி எஞ்சின ஒழுங்கா போர் பண்ணி, அதாவது சிலிண்டர் உள்பக்கத்த லேத்துல கடைஞ்சு ஓட்டிப் பாருங்க. மூணு சிலிண்டர், போர் (உள் அகலம்) 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய் வர்ற தூரம்) 72. நான் முதல்ல குடுத்த லேத்துல அளவு பாக்காம மூணையும் ஒரே மாதிரி போர் போட்டுட்டாரு, பிஸ்டன் வாங்கி மைக்ரோமீட்டர்ல வெச்சப்பதான் ஒரு சிலிண்டர்ல கேப் ஜாஸ்தின்னு தெரிஞ்சுது. அடுத்த ஓவர்சைஸ், அதாவது இன்னும் பெரிய பிஸ்டனுக்குப் போய் சரி பண்ண வேண்டியதாச்சு. அதனால பிஸ்டன முதல்ல வாங்கி கைல குடுத்துட்டு, அதுக்கு போர் போடச் சொல்லுங்க. டைமிங் பெல்ட், டென்ஷனர், ஆயில் சீல் எல்லாம் புதுசு, பழசு நல்லாதான் இருக்குன்னு சொல்லிட்டு போட்டுடாதீங்க.

திருநெல்வேலி: டிராஃபிக்ல நின்னா சூடாயிடுது.

ஃபேன் சுத்துதான்னு பாத்தீங்களா? சுத்துதுன்னா தெர்மோஸ்டாட், அப்புறம் ரேடியேட்டர் உள்ள சுண்ணாம்பு. குழாத் தண்ணிய ஊத்தி ஊத்தி அடைச்சிருப்பாங்க, கூலண்ட் மட்டும் ஊத்துங்க. சூடான வண்டிய அப்படியே ஓட்டுனா ஹெட் அலுமினியம், வளைஞ்சுடும், அப்புறம் கேஸ்கெட் எத்தன மாத்தினாலும் நிக்காது.

யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட வீட்டில அப்பாவின்ர மாருதி நாலு வருஷமா நிக்குது. பிரேக் அடிச்சா கீழ போய் தங்கிடுது. இஞ்ச சாமான் எடுக்கலாமோ?

அப்பாவோட வண்டியா, அத விட்டுடாதீங்க தம்பி. நாலு வருஷம் நின்னா மாஸ்டர் சிலிண்டர் ரப்பரும் பின் வீல் சிலிண்டரும் இறுகிப் போயிருக்கும். ரப்பர் கிட் மட்டும் போடறத விட சிலிண்டராவே மாத்தறது நல்லது, உள்ள குழி விழுந்திருந்தா புது ரப்பர் ரெண்டு மாசம்தான். ரப்பர் ஹோஸ்களையும் மாத்தி, புது பிரேக் ஃப்ளூயிட் ஊத்தி பைப்ல இருக்கற காத்த வெளிய எடுங்க. ஃப்ளூயிட் பாடில சிந்தினா பெயிண்ட்ட உரிச்சுடும், உடனே தண்ணி ஊத்திடுங்க. அங்கயும் இந்த வண்டி நெறைய ஓடுச்சு, அதனால பழைய சாமான் கடைகள்ல கேட்டுப் பாருங்க. இங்கன்னா சென்னைல புதுப்பேட்டை, எங்க ஊர்ல உக்கடம்.

வேலூர்: வின்டேஜ் நம்பர் பிளேட் வாங்கலாமா?

அதுக்கு 50 வருஷம் ஆகணும். முதல் எய்ட் ஹண்ட்ரடே டெல்லில 1983 டிசம்பர் 14 அன்னிக்குதான் சாவி குடுத்தாங்க, அதுக்கே 2033 வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்.சி. ரினியூவல்தான், 20 வருஷம் தாண்டின காருக்கு அதுவே இப்ப 10 ஆயிரம்.

கரூர்: மொத்தம் எவ்ளோ ஆச்சு? வீட்டுக்காரம்மா கேக்கறாங்க.

வண்டி போக ஒண்ணே முக்கால் லட்சம் சொல்லியிருக்கேன். வீட்டுல. நெஜக் கணக்க இங்க எழுத மாட்டேன், அவங்களும் இத படிப்பாங்க.

பொள்ளாச்சி: எல்லாம் கோத்தாச்சு மாமா, நாளைக்கு முதல் ஸ்டார்ட். என்ன கவனிக்கணும்?

மாப்ள, அவசரப்பட்டு சாவிய திருப்பிடாத. மூணு பிளக்கையும் கழட்டு, ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு ஸ்பூன் ஆயில் விடு, கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு கையால ரெண்டு சுத்து சுத்து. எங்கயும் இடிக்காம சுத்தினா, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடிச்சு ஆயில் லைட் அணையற வரைக்கும் விடு. அப்புறம் பிளக் மாட்டு. பக்கத்துல தீயணைக்கற சிலிண்டர் இல்லன்னா ஒரு பக்கெட் மணலாவது வெச்சுக்கோ. இன்னொண்ணு, ஏர் ஃபில்டர் பாக்ஸ திறந்து பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணு. நான் பாக்கல, என்னோடதுல ஒரு எலி தேங்கா நார வெச்சு வீடு கட்டியிருந்துச்சு, முதல் ஸ்டார்ட்லயே பாதி கூட்ட கார்புரேட்டர் முழுங்கிடுச்சு.